அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கீரைப் பாத்தி



கடுகு இல்லாத அடுக்களை நம்மில் எவர் இல்லத்திலும் இராது. ஆயினும், அதனைச் சூடான எண்ணெயில் இட்டு வெடிக்கச் செய்வதோடு அதனுடன் நமக்குள்ள உறவு முடிந்துவிடுகிறது. அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் அந்தச் சிறு மணிகள் உயிருள்ள விதைகள் என்பதையும், சிறிது மண்ணும் ஈரமும் கிடைத்தால் முப்பது, நாற்பது நாட்களில் அவை உண்ணத்தக்க கீரையாகிவிடும் என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பஞ்சாபில் குளிர்காலம் வந்துவிட்டால் கடுகுக்கீரை மசியலும் மக்காச்சோள ரொட்டியும் இல்லாத வீடு அரிது. நேபாளத்து மக்கள் இக்கீரையைப் புளிக்க வைத்து, வெயிலில் உலர்த்தி, ‘குந்துருக்’ என்னும் பெயரில் சேமித்து வைக்கின்றனர். நம் பகுதியிலோ முருங்கைக்கும் அரைக்கீரைக்கும் உள்ள மதிப்பு இதற்கு இல்லை. சந்தையிலும் எளிதில் கிடைப்பதில்லை. எனவே, உண்ண விரும்புவோர் வளர்த்தே தீரவேண்டும். அதற்குத் தோட்டம் தேவையில்லை. மொட்டை மாடியிலோ முற்றத்திலோ நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் வெயில் படும் ஓர் இடம் போதும்.

பருவமும் மண்ணும்

கடுகு குளிரை விரும்பும் பயிர். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் ஆண்டின் பெரும்பகுதி வளரும். சமவெளியில் வாழும் நாம், பெருமழை ஓய்ந்த கார்த்திகை இறுதியிலிருந்து தை மாதத்திற்குள் விதைத்துவிட வேண்டும். கோடையில் விதைத்தால் இலை பெருக்கும் முன்பே செடி பூத்துவிடும். இலையும் சிறுத்து, காரமும் கசப்பும் மிகுந்துவிடும். பலர் ஒருமுறை முயன்று கைவிடுவதற்குக் காரணம் இந்தப் பருவப் பிழையே ஆகும்.

ஒரு சாண் ஆழமுள்ள தொட்டி, பழைய வாளி, செடி வளர்க்கும் பை ஆகியவற்றுள் எதுவாயினும் ஏற்றதே. அடியில் நீர் வடியத் துளை இருப்பது அவசியம். தோட்ட மண், நன்கு மக்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். நார்க்கழிவை முன்னதாக இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழிந்தால் அதிலுள்ள உப்பு நீங்கும். ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் சேர்ப்பது நலம். முள்ளங்கியோ முட்டைக்கோசோ வளர்த்த மண்ணில் உடனே கடுகை விதைக்காதீர்கள். மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றின் நோய் மற்றொன்றையும் பற்றும்.

விதையும் விதைப்பும்

சமையலுக்கு வாங்கும் முழுக்கடுகு மிகப் பழையதாக இல்லாவிடில் பெரும்பாலும் முளைத்துவிடும். ஆயினும் சோதித்துப் பார்த்துவிடுங்கள். ஈரத்துணியில் இருபது மணிகளை முடிந்து வையுங்கள். நான்கைந்து நாட்களில் பாதிக்கு மேல் முளைத்தால் அது விதைக்கத் தக்கதே.

இங்கே ஒரு கவனம் தேவை. கடுகுடன் பிரம்மதண்டு என்னும் களைச்செடியின் விதை கலப்பதுண்டு. 1998-ஆம் ஆண்டு டில்லியில், பிரம்மதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு ஆயிரக்கணக்கானோர் உடல் வீங்கி நோயுற்றனர்; அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடுகு வழவழப்பாக இருக்கும்; நசுக்கினால் உட்புறம் மஞ்சளாகத் தெரியும். பிரம்மதண்டு விதை கறுத்துச் சொரசொரப்பாக இருக்கும், உட்புறம் வெண்மை. முளைத்த பின்னரும் வேறுபாடு காணலாம். இலையில் முள்ளும் வெண்ணிற நரம்பும் கொண்டு, ஒடித்தால் மஞ்சள் நிறப் பால் வடியும் செடி தென்பட்டால் வேரோடு பிடுங்கி எறிந்துவிடுங்கள். விதைக் கடையில் மருந்து தடவி நிறமேற்றி விற்கும் விதைகளை இளந்தளிராகப் பறித்துண்ணும் நோக்கத்துடன் விதைக்கலாகாது.

விதையுடன் சிறிது மணலைக் கலந்து பரவலாகத் தூவி, மேலே மெல்லிய மண் போர்வை இடுங்கள். அரை சென்டிமீட்டர் ஆழம் போதுமானது. பூவாளியால் மென்மையாக நீர் தெளியுங்கள். மூன்றாம் நாளிலிருந்து முளைகள் தலைகாட்டும். இரு வாரங்களில் நெருக்கமாக உள்ளவற்றைக் களைந்து, செடிக்குச் செடி அரைச் சாணுக்குச் சற்று அதிகமான இடைவெளி விடுங்கள். களைந்த நாற்றுகளை எறிய வேண்டா, அவையும் கீரைதான்.

நீரும் பாதுகாப்பும்

மண் காயவும் கூடாது, சேறாகவும் கூடாது. உளூச் செய்யும் நீரை ஒரு பாத்திரத்தில் ஏந்தினால், சோப்புக் கலவாத அந்நீரே சில தொட்டிகளுக்குப் போதும். அதனை இலைமேல் ஊற்றாமல் வேரடியில் மட்டும் ஊற்றுங்கள்.

இலையின் அடிப்புறத்தில் கூட்டமாக ஒட்டும் அசுவினியே இதன் முதற் பகை. தொடக்கத்திலேயே நீரைப் பீய்ச்சி அடித்தால் உதிர்ந்துவிடும். மிகுந்துவிட்டால் ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலை வேளையில் தெளியுங்கள். தெளித்த பின் சில நாட்கள் பறிக்காதிருங்கள். பச்சைப் புழுக்களைக் கையால் பொறுக்குவதே சிறந்த வழி.

பறிப்பும் உணவும்

ஒரு மாதம் கழிந்ததும் வெளி இலைகளை மட்டும் கிள்ளுங்கள். நடுக்குருத்தையும் அதனைச் சூழ்ந்த நான்கைந்து இலைகளையும் விட்டுவைத்தால் மீண்டும் மீண்டும் பறிக்கலாம். பறித்தபின் ஒரு பிடி மண்புழு உரம் இடுங்கள். பூந்தண்டு எழுந்துவிட்டால் இலை முற்றியது என்று பொருள். அப்போது இரண்டொரு செடிகளை விதைக்கென விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டுக்கான விதை வீட்டிலேயே கிடைத்துவிடும்.

இலையை நறுக்கும்போது எழும் காரம் சிலரை மிரட்டலாம். கொதிநீரில் இட்டவுடன் அது பெரிதும் தணிந்துவிடும். பாசிப்பருப்புடன் மசிக்கலாம், தேங்காய்ப்பால் சேர்த்து ஆணமாகவும் காய்ச்சலாம். சுண்ணாம்புச் சத்தும் ஏ, சி, கே ஆகிய வைட்டமின்களும் இதில் நிறைந்துள்ளன. பசலைக் கீரையைவிட ஆக்சாலிக் அமிலம் இதில் குறைவு என்பது குறிப்பிடத்தக்கது.

எனினும், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்போர் வீட்டில் இருந்தால், இக்கீரையைத் திடீரென மிகுதியாகப் பரிமாறாதீர்கள். இதிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் ஆற்றலைக் குறைத்துவிடும். இதய வால்வு சிகிச்சை பெற்ற ஒருவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. மருத்துவரிடம் கேட்டு, ஒரே சீரான அளவில் உண்பதே முறை. நற்பொருளாயினும் யாருக்கு, எவ்வளவு என்று அறிந்து பரிமாறுவது இல்லத்தரசியின் கடமையும் இல்லத்தலைவரின் கடமையுமாகும்.

இறுதியாக ஒன்று. திருக்குர்ஆனின் 31-ஆம் அத்தியாயத்தில் லுக்மான் (அலை) அவர்கள் தம் மைந்தருக்கு உபதேசிக்கையில், மிகச் சிறிய அளவுக்கு உவமையாகக் கடுகையே எடுத்துக்காட்டுகிறார்கள். அத்துணை சிறியதும் இறைவன் அறிவுக்கு மறைந்ததன்று என்பது அதன் கருத்து. இதனை நம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறோம், மனனமும் செய்விக்கிறோம். ஆனால், கடுகின் சிறுமையைக் கையில் ஏந்திப் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? இம்முறை விதைக்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படையுங்கள். விரல் நுனியில் ஒட்டிய ஒரு மணியை மண்ணுள் மறைத்துவிட்டு, மூன்றாம் நாள் காலை ஓடிவந்து அதனைத் தேடிக் கண்டுகொள்ளும் பிள்ளைக்கு அந்த உபதேசத்தை மீண்டும் ஒருமுறை சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த இதழில், இதே அஞ்சறைப் பெட்டியில் உள்ள வெந்தயத்தைப் பற்றிக் காண்போம், இன்ஷா அல்லாஹ்.