முகத்தை நம்பி வாங்கியதும் லேபிளை நம்பி வாங்குவதும்

2024 டிசம்பரில் இந்தியாவில் பாப்கார்ன் பெரிய செய்தியானது. ராஜஸ்தானின் ஜெய்சல்மாரில் கூடிய ஜிஎஸ்டி மன்றம், உப்பும் மசாலாவும் சேர்த்து உதிரியாக விற்கும் பாப்கார்னுக்கு 5 விழுக்காடு, பொட்டலமிட்டு லேபிள் ஒட்டியதற்கு 12 விழுக்காடு, கேரமல் பாப்கார்னுக்கு 18 விழுக்காடு வரி என்று விளக்கம் தந்தது. சமூக ஊடகங்களில் கேலி கொடிகட்டிப் பறந்தது. நானும் சிரித்தேன். ஆனால் அதில் நாம் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பையில் அடைத்து லேபிள் ஒட்டிய உடனே, அதே பொரியைச் சட்டம் வேறு கண்ணால் பார்க்கிறது. இந்தியாவில் அது வரிக் கணக்கில் தெரிந்தது. நம் நாட்டில் அது உணவுப் பாதுகாப்பு விதிகளில் தெரிகிறது.

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் வட்டாரத் தோட்டங்களில் முறுக்கும் அதிரசமும் செய்து விற்பது பழைய வழக்கம். அந்த வரிசையில் இன்று பாப்கார்னும் சேரலாம். காரணம், முதலீடு குறைவு. ஓர் அடுப்பு, மூடியுள்ள பாத்திரம், இறக்குமதியாகும் சோளம், எண்ணெய், பை. எண்ணெய்க்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் உருவானதே கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான்.

பாப்கார்னில் என்ன ஆபத்து இருக்கப் போகிறது என்று சிலர் கேட்கலாம். பொரிக்கும் சோளத்தில் சுமார் 14 விழுக்காடு ஈரம் இருக்கும். ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அந்த ஈரம் ஆவியாகி, தோலைப் பிளந்து வெடிக்கிறது. இவ்வளவு சூட்டில் எந்தக் கிருமி பிழைக்கும் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் சோளத்தை ஈரமான இடத்தில் நாள்கணக்கில் போட்டு வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சிலவகைப் பூஞ்சைகள் அஃபிளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். பூஞ்சை சூட்டில் செத்தாலும் நஞ்சு முழுவதும் அழிவதில்லை. 1988-இல் பேராக்கில் லோ சீ ஃபன் என்ற மீ சாப்பிட்ட 13 குழந்தைகள் இறந்தார்கள். ஆய்வாளர்கள் அதற்குக் காரணமாகக் கண்டது இந்த நஞ்சைத்தான்.

இன்னோர் ஆபத்து ஒவ்வாமை. வெண்ணெயிலும் சீஸ் தூளிலும் பால் இருக்கிறது. கச்சான் வறுத்த சட்டியைக் கழுவாமல் பாப்கார்ன் பொரித்தால், கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

"பாட்டி காலத்தில் இந்தச் சட்டமெல்லாம் இருந்ததா?" என்ற கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். பாட்டியிடம் வாங்கியவர்கள் அதே லயத்தில் இருந்தவர்கள். அவர் கை சுத்தம் அவர்களுக்குத் தெரியும். ஏதாவது கோளாறு என்றால் வாசலில் வந்து கேட்பார்கள். இன்று வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து ஷா ஆலமுக்கு அனுப்பும் பை, முகம் தெரியாதவர் கைக்குப் போகிறது. பாட்டியின் முகம் செய்த வேலையை அங்கே லேபிள் செய்ய வேண்டியிருக்கிறது.

நம் சட்டம் கேட்பதும் ஏறக்குறைய அதைத்தான். 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவுப்படி, உடல்நலத்துக்குக் கேடான பொருள் கலந்த உணவைத் தயாரித்தாலோ விற்றாலோ 100,000 வெள்ளி வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, உள்நாட்டில் பொட்டலமிடும் உணவின் லேபிள் மலாய்மொழியில் இருக்க வேண்டும். உணவின் பெயர், சேர்மானங்கள், எடை, தயாரிப்பாளர் பெயர், முகவரி ஆகியவை வேண்டும். பால், முட்டை, மீன், கச்சான், சோயா, கோதுமை போன்றவை கலந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். 2009-ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிமுறைகளின்படி, தயாரிக்கும் இடத்தைச் சுகாதார அமைச்சிடம் பதிய வேண்டும். உணவைக் கையாள்பவர் பயிற்சி பெற்று, டைஃபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். ஹலால் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனால் சான்றிதழ் பெறாமல் அந்த முத்திரையைப் போடுவது குற்றம்.

சிறு தயாரிப்பாளர்களுக்காகச் சுகாதார அமைச்சு வழங்கும் சான்றிதழ்தான் மெஸ்டி. இடத்தின் சுத்தம், வேலை செய்பவரின் சுத்தம், பதிவேடு ஆகியவற்றை அது பார்க்கிறது. எந்த மூட்டைச் சோளம், எந்த நாளில் பொரித்தது, எந்தக் கடைக்குப் போனது என்று எழுதி வைத்தால், புகார் வரும்போது ஒரு நாள் சரக்கை மட்டும் திரும்ப எடுக்கலாம். எழுதாதவர் எல்லாவற்றையும் இழப்பார்.

ஆனால், விதியைக் குறை சொல்லாமலே ஒரு குறையைச் சொல்லலாம். தோட்டத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். அதில் குடியிருப்பவர் சுவர் எழுப்பித் தனிச் சமையலறை கட்டவோ, அந்த முகவரியில் தொழில் உரிமம் கேட்கவோ நினைத்தால் கம்பெனியின் சம்மதம் வேண்டும். தோட்டத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனவருக்கு இடமே போதாது. தெக்குனின் ஸ்பூமி கடனும் சிலாங்கூரின் ஹிஜ்ரா கடனும் இருக்கின்றன. கடன் வாங்கி இயந்திரம் வாங்கலாம், அதை எங்கே வைப்பது?

என் கருத்தில், இந்த வட்டாரத்துக்கு இன்னொரு கடனைவிட, மெஸ்டி தரத்தில் ஒரு பொதுச் சமையற்கூடம் தேவை. பத்துக் குடும்பங்கள் முறை வைத்து, மணிக்கணக்கில் வாடகை கொடுத்துப் பயன்படுத்தலாம். ஒரே பதிவு, ஒரே சோதனை, பகிர்ந்துகொள்ளும் செலவு. நகராண்மைக் கழகமும் தோட்டக் கம்பெனிகளும் சேர்ந்தால் இதற்கு இடம் கிடைக்காமல் போகாது.

மாணவர்களே, இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. அம்மாவுக்குப் பலகாரம் செய்யத் தெரியும். மலாய்மொழியில் பாரம் நிரப்பவும், லேபிளைச் சரியாக எழுதவும், தேதி போட்டுக் கணக்கு வைக்கவும் உங்களுக்குத் தெரியும். உணவு அறிவியலோ வணிகமோ படிப்பவர் என்றால் இன்னும் நல்லது. இந்தத் தீபாவளிக்கு வீட்டில் செய்யும் ஒரு பலகாரத்துக்கு, விதிப்படி முழு லேபிள் ஒன்றை எழுதிப் பாருங்கள். எந்த வரியில் பேனா நிற்கிறதோ, அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.