கடைப் பக்கற்றில் ஊவா மணம் உண்டா?

பிரான்சு தேசத்தில் திராட்சை மதுவை நாவில் இட்டு அதன் தரத்தைக் கூறும் நிபுணர்கள் உளர் என்பதை வாசகர்கள் அறிந்திருப்பர். அவர்களுக்கு எவ்வகையிலும் குறையாத நாக்கும் மூக்கும் படைத்தோர் நம் கொழும்பிலும் உளர். 1883 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆந் திகதி அங்கே முதலாவது தேயிலை ஏலம் நிகழ்ந்தது. 2020 முதல் ஏலம் மின்வலை வழியே நடைபெறுகின்றது. ஆயினும் மாதிரித் தேயிலையைச் சுவைத்து மதிப்பிடும் வேலையை எந்த இயந்திரமும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் லுணுகலையில் பகலெல்லாம் கொழுந்து பறித்து, மாலையில் கடைவீதியிற் கிடைத்த பக்கற்றை வாங்கிச் செல்லும் குடும்பங்களுள் எத்தனை, அந்தப் பக்கற்றினுள் இருப்பது யாதென ஆராய்ந்திருக்கும்?

மலிவு விலைப் பக்கற்று பெரும்பாலும் ஒரு தோட்டத்துத் தேயிலையன்று. பல தோட்டங்களின் கலவை. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை கறுத்த சாயத்தையும் கனத்தையும் தரும். மணத்திற்கு மலைநாட்டுத் தேயிலை வேண்டும். ஊவாவுக்குரிய மணமோ ஆண்டு முழுவதும் வாய்ப்பதன்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்றாக நம் பக்கம் வீசுகின்றது. அக்காற்றில் வாடும் கொழுந்திலேதான் அந்த மணம் பிறக்கின்றது. வலிக்குத் தேய்க்கும் தைலத்தில் நாம் முகரும் மெதில் சாலிசிலேற் என்ற பொருளே இதிலும் மேலோங்கி நிற்கின்றது என்றால் மாணவர்கள் வியப்பர்.

மலிவான கலவைக்கும் ஊவாவுக்கும் உள்ள உறவு பழையது. தோமஸ் லிப்டன் 1890 இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். இடைத்தரகரை விலக்கி, தேயிலையைக் கலந்து, சிறு பக்கற்றுகளில் அடைத்து, பிரித்தானியத் தொழிலாளர் வாங்கத்தக்க விலைக்கு விற்றார். அந்தந்த ஊர்த் தண்ணீருக்கு ஏற்றவாறு கலவையை மாற்றுவதாகவும் விளம்பரம் செய்தார். மலிவு என்றால் மட்டம் என்று அவர் கருதவில்லை, நாமும் கருதவேண்டியதில்லை.

சுவைஞர் முறை மிக எளிது. 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை. புதிதாகக் கொதித்த நீர். மூடிவைத்து ஆறு நிமிடம். (மலையில் ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை குறையும், ஆதலால் நன்றாகக் கொதிக்கும் முன் ஊற்றலாகாது.) பின் வடித்து, வடித்த சக்கையை முகர்ந்து, சாயத்தை ஒரு கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்து உரத்த ஒலியுடன் உறிஞ்சவேண்டும். வீட்டில் இப்படி உறிஞ்சினால் பாட்டி அதட்டுவார். சுவைஞருக்கோ அதுவே இலக்கணம். ஏனெனில் வாசனை மூக்கின் பின்புறம் ஏறுவது அப்போதுதான். உறிஞ்சியதைப் படிக்கத்தில் உமிழ்ந்துவிடுவர்.

நாமும் மூன்று கோப்பைகளை வரிசையாக வைத்தோம். ஒன்றில் கடையில் நிறுத்துத் தரும் தூள். ஒன்றில் குறைந்த விலைக் கலவைப் பக்கற்று. ஒன்றில் ஊவாப் பருவத்துத் தனித் தோட்டத் தேயிலை. எது எதுவென்று சுவைப்போர் அறியாவண்ணம் கோப்பைகளின் அடியிற் குறியிட்டோம். நிறுத்து வாங்கிய தூள் நிறத்தில் முதலிடம் பெற்றது. ஆறியதும் வெறுந் துவர்ப்பே எஞ்சியது. ஊவாத் தேயிலையின் சாயம் வெளிறியது. ஆயின் மணமோ நாவைவிட்டு அகல மறுத்தது. கலவைப் பக்கற்று சற்றுப் பேதைமை உடையதாயினும் நாணயமான தேயிலை. சூட்டில் மறைந்திருந்த மெல்லிய மணம், கோப்பை வெதுவெதுப்பானபோது தலைகாட்டிற்று. பால் சேர்த்தபோது அதுவே எல்லோருக்கும் பிடித்தது. சீனியைக் கையில் வைத்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் குடிப்போர் மட்டும் ஊவாவை விடவில்லை.

அதன்பின் நாமே ஒரு கலவை செய்தோம். நிறுத்து வாங்கிய தூள் நான்கு கரண்டி, ஊவாத் தேயிலை ஒரு கரண்டி. செலவு சிறிதே கூடிற்று. கோப்பையோ விலையுயர்ந்த பக்கற்றுக்கு ஈடாக நின்றது. மாதச் செலவை எண்ணிப் பார்க்கும் இல்லத்தரசியர் இதனை ஒருமுறை செய்து பார்க்கலாம். மாணவர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு: சுவைஞர் தொழில் பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. கொழுந்தின் வாசனையிலேயே வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் அந்த மேசையண்டை ஏன் நிற்கலாகாது?

‘டஸ்ட்’ என்னும் பெயரைக் கேட்டுக் குப்பை என எண்ணுவாரும் உளர். அது சல்லடையிற் பிரித்த துகளின் அளவையே குறிக்கும். நல்ல தோட்டத்து டஸ்ட் நல்ல தேயிலையே. அஞ்சவேண்டியது சாயமேற்றிய தூளுக்கு. நனைத்த வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை தூவிச் சிறிது நேரம் விட்டு, தாளைக் கழுவிப் பாருங்கள். நிறம் கோடு கோடாக ஓடிக் கறையாக நின்றால் அந்தக் கடையை மறந்துவிடலாம்.

வாங்கிய தேயிலையைக் காற்றுப் புகாத தகரப் பேணியில் அடைத்து, மிளகாய்த்தூளுக்கும் கருவாட்டுக்கும் எட்டாத தட்டில் வையுங்கள். அயல்வாசனையை ஈர்த்துக்கொள்வதில் தேயிலைக்கு நிகர் தேயிலையே.