பொங்கற் பொழுதை விற்போர்

தில்லி 1982 ஆகத்து 15 முதல் நாடு முழுமைக்கும் ஒரே நிகழ்ச்சிநிரல் வகுத்து, தமிழ் வீடுகளின் இரவுப் பொழுதை இந்திக்கும் ஆங்கிலத்திற்கும் பறித்துக் கொடுத்தது. 1993-இல் தனியார் தமிழ்த் தொலைக்காட்சி எழுந்தபின் அப் பொழுது மீண்டது. மீண்டு யார் கைக்கு வந்தது?

பொங்கலன்று எதை ஒளிபரப்புவதென உழவரா முடிவு செய்கின்றனர்? கிழமைதோறும் வெளியாகும் பார்வையாளர் கணக்கும், அதைக் காட்டி விலைபேசும் விளம்பர வணிகருமே முடிவு செய்கின்றனர். புதுத் திரைப்படம், நடிகர் நேர்காணல், நடுநடுவே ஆங்கிலங் கலந்த பேச்சு! யாவும் முன்னரே அரங்கிற் பதிவானவை; பொங்கற்பானை அங்கு வெறும் அணிப்பொருள்.

தை முதல் நாளே புத்தாண்டென 2008-இல் சட்டம் வந்தது, 2011-இல் நீக்கப்பெற்றது. இடைப்பட்ட காலத்திற் சித்திரை வருவாயை விட்டுவிடவா செய்தனர்? 'சித்திரைத் திருநாள்' எனப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டனர்!

பொங்கல் மாலை ஒரு மணிநேரமேனும் விளம்பரமின்றி, நற்றமிழில், உழவர் பேச ஒதுக்குக. இக் கோரிக்கை மடல்கள் நளித் (கார்த்திகை) திங்களிலேயே நிலையங்களுக்குச் சென்றாக வேண்டும். நிரல் விலைபோனபின் கேட்பதாற் பயனில்லை.