கணினி வாசிக்கிறது, அறிவிப்பாளரை விசாரிப்பதில்லை

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டொம் மிட்செலின் குழுவினர் 2010 ஜனவரியில் ஒரு கணினியை இணையப் பக்கங்களை வாசிக்க விட்டார்கள். அதற்கு 'நெல்' என்று பெயர். நம் வயல் நெல் அல்ல, ஆங்கிலப் பெயரொன்றின் சுருக்கம். இரவு பகலாக வாசித்து, எது நகரம், எது நிறுவனம், யார் எந்த அணிக்கு விளையாடுகிறார் என்று தானாகவே தகவல் சேர்ப்பது அதன் வேலை. அவ்வாண்டு ஒக்டோபருக்குள் ஏறத்தாழ 390,000 தகவல்கள் சேர்ந்தன. அவற்றில் 87 வீதம் சரி என்று மதிப்பிட்டார்கள்.

பிழைத்த இடம்தான் சுவாரசியமானது. ஆங்கிலத்தில் 'குக்கீ' என்றால் பிஸ்கட். இணையத்தளங்கள் நமது கணினியில் போட்டு வைக்கும் சிறு பதிவுக்கும் அதே பெயர்தான். நெல் அதையும் பேக்கரிப் பண்டங்களோடு சேர்த்துக்கொண்டது. 'குக்கீயை அழித்தேன்' என்று எழுதுகிறவர்கள் 'கோப்பை அழித்தேன்' என்றும் எழுதுவார்கள் அல்லவா? ஆகவே கோப்பும் பேக்கரிப் பண்டம்! மனிதர்கள் தலையிட்டுத்தான் திருத்தினார்கள்.

பிஸ்கட் விஷயம் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இன்றைய சாட்ஜிபிடி போன்றவை நெல்லைப் போல தகவல்களைப் பட்டியலிட்டு வைப்பதில்லை. ஆனால் அவையும் பெரும்பாலும் இணையத்தில் கிடப்பதை வாசித்தே கற்றவை. அங்கே நம்மைப் பற்றி என்ன கிடக்கிறது என்பதுதான் என் கவலை.

2018 பெப்ரவரியில், அம்பாறையில் முஸ்லிம் ஹோட்டலொன்றின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை கிளம்பி, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அது வெறும் மாச்சத்துக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வில் தெரியவந்தது. அதற்குள் திகனயும் எரிந்தது. அந்த வன்முறையில் தன் தளம் பயன்பட்டதற்கு பேஸ்புக் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. பொய் பகிரப்பட்ட அளவுக்கு மறுப்பு பகிரப்படவில்லை என்பது அந்த நாட்களைப் பார்த்த எவருக்கும் தெரியும்.

ஹதீஸ் கலையில் 'முதவாத்திர்' என்றொரு தரம் உண்டு. கூடிப் பொய் சொல்லச் சாத்தியமில்லாத அளவு பலர், ஒவ்வொரு தலைமுறையிலும் அறிவித்த செய்தி அது. நூறு பேர் சொன்னாலும், அந்த நூறு பேரும் ஒரே ஆளிடம் கேட்டிருந்தால் அந்தத் தரம் கிடைக்காது. அந்த ஒருவர் யார், நினைவாற்றல் எப்படி, நேர்மை எப்படி என்று விசாரிப்பார்கள். கணினியிடம் இந்த விசாரணை இல்லை. அச்சொட்டான பிரதிகளை அதைத் தயாரிப்பவர்கள் வடிகட்டப் பார்க்கிறார்கள். முழுக்க வேறு சொற்களில் திருப்பி எழுதிய பிரதி தப்பிவிடலாம்.

நாம் என்ன செய்கிறோம்? மறுப்பறிக்கையை லெட்டர்ஹெட்டில் அடித்து, படம் பிடித்து, வட்ஸ்அப்பில் விட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறோம். ஆறு மாதம் போனால் மனிதர்களாலேயே அதைத் தேடி எடுக்க முடியாது. ஜனாஸா எரிப்பு காலத்து அறிக்கைகள் பலவற்றுக்கும் இதே கதிதான். அவை திகதியோடும் ஆதாரத்தோடும், தேடினால் கிடைக்கும் பக்கங்களில், எழுத்தாக இருக்க வேண்டும். தமிழில் மட்டும் போட்டால் போதாது. முதலில் சிங்களத்தில் போட வேண்டும். மலட்டு மாத்திரைக் கதை பரவியது அந்த மொழியில்தான்.