புகையானை வென்ற நெல் தோற்றது ஏன்?

நெல் தூரில் கூடிச் சாற்றை உறிஞ்சும் பூச்சி, புகையான். பயிர் தீய்ந்தது போல் கருகிவிடும்.

ஆவடிக்கு மேற்கே, திருவள்ளூர் அருகே, திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது டி.கே.எம்.6 நெல். அது பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போயிற்று. அங்கே அதை ஒட்டிப் பிறந்த ஐ.ஆர்.26 ரகம் 1973-ல் வெளிவந்தது. புகையான் அதனிடம் தோற்றது!

எத்தனை நாள்? இரண்டு மூன்று வருடம்தான்.

மனிதர்களைப் போலப் பூச்சிகளிலும் பிறவிக் குணம் மாறுபடும். சில பூச்சிகள் அந்த நெல்லையும் உறிஞ்சிப் பிழைத்தன. குஞ்சுகளுக்கும் அக்குணம் வந்தது. நீண்ட சிறகுள்ளவை காற்றோடு பறந்து, வேறு வட்டாரப் பூச்சிகளுடன் கூடின. குணமும் கூடவே பரவிற்று.

இந்தியப் புகையானோ ஐ.ஆர்.26-க்கு முதலிலிருந்தே மசியவில்லை! பெயர் ஒன்று, வம்சம் வேறு. ஆகவே பூந்தமல்லிப் பக்கம் விதை வாங்குபவர் கேட்கவேண்டியது, "இந்த ஊர்ப் புகையானைத் தாங்குமா?" என்பதுதான். வெளிநாட்டு வெற்றி இங்கே செல்லாது.