சொறிநாய் என்றொரு வசவு

கோபம் வந்தால் ‘சொறிநாயே’ என்கிறோம். விழுப்புரம் ஜங்ஷன் வாசலிலோ திண்டிவனம் டீக்கடை ஓரத்திலோ முடியுதிர்ந்து நிற்பது வசவு அல்ல சார், நோயாளி.

பெரும்பாலும் காரணம் சிற்றுண்ணி. சார்காப்டஸ் என்றால் தோலில் சுரங்கம் தோண்டி முட்டையிடும். பக்கத்து நாய்க்கும் ஒட்டும், நமக்கும் கொஞ்சநாள் அரிக்கும். டெமோடெக்ஸ் அப்படி ஒட்டாது. எது என்று பார்க்க, பிளேடால் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டும். சில நிமிட வேலை. சார்காப்டஸ் முதல் சுரண்டலில் சிக்காமலும் போகும்தான். அதற்காகச் சுரண்டாமலே இருப்பதா? பார்க்காமல் ஸ்டீராய்டு ஊசி போட்டால் டெமோடெக்ஸுக்குக் கொண்டாட்டம். பழைய இன்ஜின் ஆயிலைத் தடவும் தெருவைத்தியர்கள் வேறு! நாய் நக்காதா?

ஐவர்மெக்டினுக்கு வழிவகுத்தவர்களுக்கு 2015-லேயே நோபல் கொடுத்தாயிற்று. 2023 விதிகளின்படி தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போடுவது நகராட்சியின் பொறுப்பு. பிடித்ததுதான் பிடித்தீர்கள், அப்படியே தோலையும் சுரண்டிப் பார்த்தால் என்ன ஐயாமாரே?