சடுகுடு வீரரின் தோள்

தொண்டாமுத்தூர்ப் பக்கம் சடுகுடு ஆடும் பிள்ளைகளுக்குத் தோள் நழுவுவது புதிதல்ல. யாராவது இழுத்து விடுவார்கள். வலி தணியும். மறுபடியும் ஆட்டம்தான்!

ஆனால் 20 வயதுக்குள் ஒரு முறை நழுவிய தோள் பெரும்பாலும் மீண்டும் நழுவும். மூட்டுக் குழியின் விளிம்பில் ஜவ்வு கிழிந்திருப்பதே காரணம். இதை 1923-ல் விளக்கியவர் பிரிட்டிஷ் டாக்டர் பாங்கார்ட். இன்று சிறு துளை வழியே காமிராவை நுழைத்து, ஜவ்வை எலும்போடு சேர்த்துத் தைக்கிறார்கள். கோவையிலேயே இந்த ஆபரேஷன் நடக்கிறது.

கிரிக்கெட் வீரர் ஷ்ரேயாஸ் அய்யருக்கு 2021 மார்ச்சில் தோள் நழுவியது. ஏப்ரலில் ஆபரேஷன். செப்டம்பரில்தான் களமிறங்கினார். பாக்குத் தோப்பில் கூலிக்குப் போகும் பையன், ஐந்து மாதம் பாரம் தூக்காமல் எப்படிச் சமாளிப்பான்? ஆபரேஷனைவிட அந்த மாதங்கள்தான் அவன் வீட்டுக்குப் பெரிய செலவு. கோப்பைக்குப் பணம் திரட்டுவோர் இதற்கும் கொஞ்சம் ஒதுக்கலாமே!